கறுவாவும் குரங்குக் குல்லாவும்

மொன்றியலில் வீட்டை அரையோடுதான் எண்ணுவார்கள். மூன்றரை, நாலரை, ஐந்தரை. அந்த அரை, குளியலறை. 1987 மாரியில் கோத்-தெ-நேஜ் பகுதியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூன்றரை, மூன்றாம் மாடி. ரொறன்ரோவுக்கு மாறிப்போன ஒரு பொடியன் தூக்க முடியாமல் விட்டுப்போன ரீவி ஒன்று மூலையில் இருந்தது. அதன் அன்ரெனா முறிந்துவிட்டதால் உடுப்புக் கொழுவும் கம்பியைச் சொருகி வைத்திருந்தோம். கம்பியை ஜன்னல் பக்கம் திருப்பினால் றேடியோ-கியூபெக் தெளியும். மற்றப் பக்கம் திருப்பினால் பனி. வெளியிலும் பனிதான்.

இரவில் ஒரு உணவகத்தில் பிளேற் கழுவினேன். பகலில் கொஃபி வகுப்பு. குடிக்கிற கோப்பி இல்லை. வந்தேறிகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கக் கியூபெக் அரசு நடத்திய நிலையத்தின் பெயர் அது. அங்கே படிப்பித்த ரீச்சர் ஒருநாள், "செய்தி பார்க்காதீர்கள், விளங்காது. நாலு வயதுப் பிள்ளைகளின் நிகழ்ச்சியைப் பாருங்கள்" என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். அன்று பின்னேரமே கொப்பியும் பேனையுமாக மகளுக்குப் பக்கத்தில் சப்பாணி கொட்டி உட்கார்ந்தேன். அவளுக்கு அப்போது நாலு வயது. எனக்கு இருபத்தொன்பது. இருவரும் ஒரே வகுப்பு.

நிகழ்ச்சியின் பெயர் 'பாஸ்-பார்த்தூ'. என் காதில் அது 'பார்த்து' என்றே விழுந்தது. பார்ப்பதற்கு வைத்த பெயர்தானே என்று பேசாமல் விட்டுவிட்டேன். பிறகு அகராதியில் தேடினால், எந்தப் பூட்டுக்கும் ஆகும் ஒரே திறப்பு என்று இருந்தது. அந்தப் பெயரில் ஒரு பெண். மாரி எய்கெல் என்ற நடிகை. அவரோடு இன்னும் இருவர். ஜாக் லெரோ நடித்த பாத்திரம் 'பாஸ்-மொன்தாஞ்'. மலையைக் கடப்பவன் என்று நானே பொருள் எழுதிவைத்தேன். உண்மையில் அது கண் மட்டும் தெரியும்படி தலையை மூடும் குரங்குக் குல்லா. நுவரெலியாவில் விடியக் காலையில் எல்லோர் தலையிலும் இருப்பது. கிளேர் பெம்பரே நடித்த 'பாஸ்-கரோ', தையற்காரர் தையலைப் பிரித்து அழுத்தித் தேய்க்கிற பலகை. திறப்பு, குல்லா, பலகை. வீட்டில் கிடக்கிற சாமான்களின் பெயர்களை எடுத்து மூன்று ஆட்களுக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர்களாலேயே பாதிப் பிரெஞ்சு வந்தது.

அந்த மூவரோடு இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு பொம்மைகள்: கனெல், ப்ரூனோ. ப்ரூனோ என்றால் உலர்த்திய ப்ளம்ஸ் பழம். கனெல் என்றால் கறுவா. மனிசிக்கு இதைச் சொன்னபோது அவள் குசினியிலிருந்து கறுவாப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து ரீவிக்கு முன்னால் பிடித்தாள். எங்கள் நாட்டுப் பட்டையின் பெயரைச் சுமந்த ஒரு பிள்ளை இந்த ஊர் ரீவியில் நித்திரைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளை எங்களுக்குச் சொந்தம்.

இந்த நிகழ்ச்சி ஏன் எடுக்கப்பட்டது என்பது எனக்குக் கனகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. கனடாவில் கல்வி மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே கல்விக்கென்று ரீவி நடத்துவதும் மாகாணத்தின் வேலையாகிவிட்டது. ஒன்ராறியோவுக்கு ரீவிஒன்ராறியோ, கியூபெக்குக்கு 1968இல் வந்த றேடியோ-கியூபெக். கியூபெக்கில் கல்வி அமைச்சு என்று ஒன்று உண்டானதே 1964இல்தான். அதற்கு முன் பள்ளிக்கூடம் பெரும்பாலும் தேவாலயத்தின் கையில் இருந்தது. புதிய அமைச்சுக்கு ஒரு கவலை. வறிய வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும்போதே மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த நாலு வயதுப் பிள்ளை பகலில் எங்கே இருக்கிறது? வீட்டில். வீட்டில் என்ன இருக்கிறது? ரீவி. அப்படியென்றால் ரீவிக்குள் புகுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

அமெரிக்காவில் 1969இலேயே 'செசமி ஸ்ட்ரீட்' அதைச் செய்து காட்டியிருந்தது. அது எழுத்தையும் எண்ணையும் விளம்பரம்போல வேகமாக, பாட்டும் பகிடியுமாக மண்டையில் ஏற்றியது. கியூபெக்காரர் வேறு வழியில் போனார்கள். கல்வி அமைச்சிலிருந்து லோரன் லஷான்ஸ் என்பவர் இதன் கருவை வகுத்தார், கார்மென் புராசா தயாரிப்பில் முன்னின்றார், பியர் எஃப். ப்ரோ இசையமைத்தார். 1977 நவம்பரில் முதல் ஒளிபரப்பு. முதல் கட்டமாக 125 பகுதிகள் எடுத்தார்கள், பிறகு 200ஐயும் தாண்டியது. எழுத்து குறைவு. கோபம் வந்தால் என்ன செய்வது, தம்பி பிறந்தால் அக்காவுக்கு ஏன் நெஞ்சு எரிகிறது, விளையாட்டுச் சாமானை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன வழி என்பவைதான் பாடம். அந்தப் பாத்திரங்கள் கமெராவைப் பார்த்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பார்கள். பிள்ளை பதில் சொல்லுமட்டும் அந்த முகத்தில் ஒரு அவசரமும் இராது. எனக்கும் அந்த இடைவெளி வேண்டியிருந்தது. மகள் ஒரு மூச்சில் பதில் சொல்வாள். நான் வினைச்சொல்லைத் தேடி முடிக்கச் சரியாக இருக்கும்.

அதே 1977 ஆவணியில்தான் கியூபெக்கின் 101ஆம் சட்டம் நிறைவேறியது. வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கே போகவேண்டும் என்று வைத்தது அந்தச் சட்டம். சட்டத்தை எழுதியவர்களும் பொம்மையைத் தைத்தவர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து வந்திறங்கிய எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இரண்டும் ஒரே கதவின் இரண்டு பலகைகள். சட்டம் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. கறுவாப் பிள்ளை அங்கே போய் எப்படிக் கதைப்பது என்று காட்டியது.

அந்த நிகழ்ச்சிக்குள் ஒரு ஊர் இருந்தது. தோட்டம் துரவு பார்க்கிற, முணுமுணுத்துக்கொண்டே எல்லாருக்கும் உதவுகிற ஒரு கிழவர். பெயர் ஃபர்தோஷ். கியூபெக் பிரெஞ்சில் அது பற்றை. பற்றைக்காடு என்கிறோமே, அந்தப் பற்றை. நடித்தவர் பியர் துஃப்ரேன். மனிதர் 1984இலேயே இறந்துவிட்டார் என்று அறிந்தபோது எனக்கு ஒருமாதிரியாகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் மறுஒளிபரப்பு. இல்லாத ஒருவரிடம் தினமும் நான் பாஷை படித்துக்கொண்டிருந்தேன்.

கதை சொல்லும் பாட்டியாக வந்தவர் கிம் யாரோஷெவ்ஸ்கயா. மொஸ்கோவில் 1923இல் பிறந்து, தாய் தகப்பனை இழந்து, பத்து வயதில் மொன்றியலுக்கு வந்து உறவினரோடு வளர்ந்தவர். பிரெஞ்சு அவருக்கு வந்த இடத்துப் பாஷை. கியூபெக்கில் ஒரு தலைமுறைக்கே பாட்டி யார் என்று கேட்டால் இந்த ரஷ்யப் பெண்ணைத்தான் கைகாட்டுவார்கள். இதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இப்படித் திரைக்குள் ஊர் கலகலவென்று இருந்தது. எங்கள் கட்டடத்தில்? பக்கத்து வீட்டில் ஹெயிட்டிக்காரர், எதிரில் வியட்நாம் குடும்பம், கீழே ஒரு கிரேக்கக் கிழவி. ஓடையில் சந்தித்தால் தலையசைப்போம். வெங்காயம் பொரிக்கிற மணத்தை வைத்தே யார் வீட்டில் ஆள் நிற்கிறது என்று தெரியும். அதற்கு மேல் போக ஒருவருக்கும் பாஷை இல்லை. யாழ்ப்பாணத்தில் என் ஒழுங்கைப் பிள்ளைகள் இலங்கை வானொலியின் சிறுவர் மலரைக் கேட்க ஒரே வீட்டு விறாந்தையில் கூடுவோம். றேடியோ இருந்தது ஒரு வீட்டில், கேட்டது ஏழெட்டு வீடு. இங்கே ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு ரீவி; எல்லாவற்றிலும் அதே பாட்டு; கதவு மட்டும் பூட்டியிருந்தது.

ஒருநாள் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தோம். மெசின் சுற்றச் சுற்ற மகள் அந்தத் தொடக்கப் பாட்டின் மெட்டை முணுமுணுத்தாள். துவாய் மடித்துக்கொண்டிருந்த ஒரு கியூபெக் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அடுத்த அடியைப் பாடினார். மகள் திடுக்கிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு எட்டிப் பார்த்து மூன்றாம் அடியைப் பாடினாள். அந்த அம்மாவின் பேரப்பிள்ளையும் அதையேதான் பார்ப்பதாம். அந்தக் கட்டடத்தில் எங்களோடு முழு வசனத்தில் கதைத்த முதல் ஆள் அவர்தான். தோய்ப்பு மெசினுக்குச் சில்லறை கேட்டுத் தொடங்கிய உறவு, என் மகளின் முதல் பனி உடுப்பைத் தன் பேரனுடையதிலிருந்து எடுத்துத் தருமட்டும் போனது.

அந்தப் பாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வராது. இதை நான் கவனிக்கவே இல்லை. இல்லாததை யார் கவனிப்பார்? பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து வியாபார விளம்பரம் செய்யக் கியூபெக் 1980 முதல் தடை போட்டிருக்கிறது. விளையாட்டுச் சாமான் விற்கும் இர்வின் ரோய் என்ற நிறுவனம், இது பேச்சுரிமைக்கு விரோதம் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1989இல் நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் நின்றது. சின்னப் பிள்ளைக்கு விளம்பரத்துக்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியாது, அதைப் பயன்படுத்தி விற்பதைத் தடுக்கலாம் என்பது சாரம். கையில் காசில்லாத அந்த வருடங்களில் மகள் எங்களிடம் பொம்மை வாங்கித் தா என்று அழாததற்கு அவளுடைய நல்ல குணம்தான் காரணம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பாதிப் புகழ் சட்டத்துக்குப் போகவேண்டும்.

இடைப்பட்ட காலத்தை வேகமாகத் தாண்டுகிறேன். 'பாஸ்-பார்த்தூ' எண்பதுகளின் பின்பகுதியில் புதிதாக எடுப்பது நின்றது. மறுஒளிபரப்பு தொண்ணூறுகளிலும் ஓடியது. 1996இல் றேடியோ-கியூபெக், ரெலே-கியூபெக் ஆனது. கார்மென் புராசா 'கோர்ன்மியூஸ்', 'தொக் தொக் தொக்' என்று அடுத்தடுத்துப் பாலர் தொடர்களைத் தயாரித்தார். இரண்டாவதில் ஒரு கற்பனைக் கிராமம். மாயக் கதவுகள் திடீரென்று வந்து எதையாவது இறக்கிவிட்டுப் போகும். இதற்கிடையில் மொன்றியலில் எடுத்த 'கைய்யூ' என்ற மொட்டைத்தலைக் கார்ட்டூன் பையன் உலகம் முழுக்கப் போய்ச் சிணுங்கினான். ரொறன்ரோத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவனைத் தெரியும், தாய்மாருக்கு அவனைக் கண்டால் தலையிடி.

நாட்டில் நடந்த பெரிய மாற்றம் ரீவியில் இல்லை. 1997இல் கியூபெக் நாளொன்றுக்கு 5 டொலருக்குப் பிள்ளை பராமரிப்பைக் கொண்டுவந்தது. அதே வருடம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் வகுப்பு. 5 டொலர் 2004இல் 7 ஆகி, 2025இல் 9 டொலர் 35 சதத்தில் நின்றது. நாங்கள் வாயில் வந்தபடி கார்டரி என்று சொல்கிற அந்த நிலையங்களில் இடம் கிடைப்பது கல்யாண மண்டபம் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்றாலும், கிடைத்தால் விலை அந்த அளவில்தான். 2019இல் நாலு வயது வகுப்பையும் மாகாணம் முழுக்கப் பரப்பச் சட்டம் வந்தது. வீட்டில் ரீவிக்கு முன்னால் இருந்த அந்த நாலு வயதுப் பிள்ளை பகலில் இப்போது வீட்டில் இல்லை.

அதே 2019இல்தான் 'பாஸ்-பார்த்தூ' திரும்பி வந்தது. பெப்ரவரி 25, ரெலே-கியூபெக். எலோடி கிரெனியே, ஜோன்-பிரான்சுவா ப்ரொனொவோ, காப்ரியேல் ஃபொந்தேன் என்று மூன்று புது முகங்கள். கனெலும் ப்ரூனோவும் அதே இரட்டையர், தோல் மட்டும் புதிது. பழைய பாட்டுகள் பல புது இசைக்கட்டில். இந்த ஊரில் 'பாஸ்-பார்த்தூ தலைமுறை' என்றே ஒரு சொல் உண்டு. எழுபது, எண்பதுகளில் பிள்ளையாக இருந்தவர்களைக் குறிப்பது. அந்தத் தலைமுறை அன்று தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டு.

எங்கள் வீட்டிலும் அதே. மகளுக்கு வயது முப்பத்தாறு. தொடக்க இசை வந்ததும் கண்ணைத் துடைத்தாள். பேத்திக்கு நாலு. அவள் ரீவியில் போய் விரலால் தள்ளிப் பார்த்தாள். தள்ளுப்படவில்லை. "அம்மா, இது உடைஞ்சு போச்சு" என்றாள். அந்தப் பாத்திரம் கமெராவைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தது. அவள் தாய் பதில் சொன்னாள். நானும் சொன்னேன், இந்த முறை வினைச்சொல்லைத் தேடாமல். பேத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

புதியது நல்லாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் பழையதைத் தூக்கிப் பிடிப்பது எனக்குச் சலிப்புத் தருகிற விஷயம். பழைய பகுதிகளை இப்போது போட்டுப் பார்த்தால் ஒளி மங்கல், வேகம் நத்தை. எங்கள் நிறத்தில் ஒரு பிள்ளையைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் அருந்தலாகத்தான் பட்டது. புதியதில் இன்றைய மொன்றியலின் முகங்கள் இருக்கின்றன. ஆனால் 1987இல் அது எங்கள் கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடியது. இப்போது பேத்தி அதை விரும்பிய நேரத்தில், விரும்பிய துண்டை, காரின் பின் சீற்றில் தனியே பார்க்கலாம். தோய்ப்பு மெசினுக்குப் பக்கத்தில் யாராவது அடுத்த அடியைப் பாடுவார்களா என்றால், காதில் ஏதோ மாட்டியிருக்கிறார்கள்.

யூரியூபில் தமிழ்ப் பாலர் பாட்டும் கொட்டிக் கிடக்கிறது. காகம், கிளி, யானை எல்லாம் கணினியில் வரைந்தவை, எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. மூன்று மணித்தியாலம் நிற்காமல் ஓடும். பேரன் சோறு தின்கிறான் என்பதற்காக மனிசி போட்டுவிடுவாள், நானும் கண்டும் காணாததுபோல் இருப்பேன். ஆனால் அதில் மனிதக் கை ஒன்று வருவதில்லை. சப்பாத்து லேஸைக் கட்டத் தொடங்கி, தவறவிட்டு, திரும்பக் கட்டுகிற கை. அந்தத் தவறுகிற நேரத்துக்குள்தான் பார்க்கிற பிள்ளையின் விரலும் சும்மா அசையும். கார்ட்டூன் கை ஒருநாளும் லேஸைத் தவறவிடாது. பாலர் நிகழ்ச்சியில் உண்மையான ஆட்கள் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. எங்கள் பாஷையில் அப்படி ஒரு ஊரை, ஆட்களோடு, ஒருவரும் மூன்று வயதுப் பிள்ளைக்காகக் கட்டிக் காட்டி நான் காணவில்லை என்ற குறையும் இருக்கிறது. எங்களிடம் நடிகர்களுக்கா பஞ்சம்?

ஆனால் கார்டரிக்குப் பேரனைக் கூப்பிடப் போகிற நாட்களில் இந்த முறைப்பாடெல்லாம் கொஞ்சம் இளகிவிடுகிறது. மாலை நாலரைக்கு அந்த உடுப்பு மாற்றும் அறைக்குள் நின்று பாருங்கள். தரையெல்லாம் உருகிய பனித் தண்ணீர். சுவரில் வரிசையாகக் கொழுக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிள்ளையின் படம். ஹெயிட்டி, மொரோக்கோ, பஞ்சாப், வியட்நாம், யாழ்ப்பாணம், கஸ்பேசி. கூப்பிட வந்திருக்கிற பாட்டன் பாட்டிமார் ஒருவரோடு ஒருவர் உடைந்த பிரெஞ்சில் யாருக்குக் காய்ச்சல், யார் யாரைக் கடித்தது என்று கதைக்கிறார்கள். 1987இல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர் இங்கே ஈரச் சப்பாத்தோடு நிற்கிறது. வாசலைத் தாண்டியதும் பிள்ளைகளில் பாதிப்பேர் காரில் ஏறி ஆளுக்கொரு ரப்லெற்றைப் பிடிப்பார்கள், அது வேறு.

நகரத்துக்கு வெளியே பல பள்ளிச் சேவை நிலையங்களில் நாலு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாகக் கூப்பிட்டு நடத்தும் சந்திப்புகளுக்கு இன்றைக்கும் 'பாஸ்-பார்த்தூ' என்றே பெயர். நிகழ்ச்சியோடு கூடப் பிறந்த திட்டம் அது. ரீவியில் அது இல்லாத வருடங்களிலும் அந்தப் பெயர் பள்ளிக்கூட மண்டபங்களில், வட்டமாகப் போட்ட சின்னக் கதிரைகளில் இருந்திருக்கிறது.

2025 ஜனவரியில் கிம் யாரோஷெவ்ஸ்கயா இறந்துபோனார். வயது நூற்றியொன்று. மகள் வேலையிடத்திலிருந்து எடுத்தாள். "அப்பா, பாட்டி செத்துப்போனா." எந்தப் பாட்டி என்று எனக்கு நெஞ்சு திக்கென்றது, பிறகுதான் விளங்கியது. பத்து வயதில் வந்தவராம், பிரெஞ்சு தெரியாதாம் என்று சொன்னேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அவவும் எங்கட ஆள்தான்" என்றாள்.

அன்று பின்னேரம் பேரனைக் கூப்பிடப் போனேன். இந்த ஊர்க் கார்டரிகளில் பனிச்சட்டை போட ஒரு முறை சொல்லிக்கொடுக்கிறார்கள். சட்டையை உள்பக்கம் மேலே தெரிய நிலத்தில் விரிப்பார்கள். தொப்பிப் பக்கம் பிள்ளையின் காலடியில். குனிந்து இரண்டு கையையும் இரண்டு கைக்குள் விட்டு, ஒரே வீச்சில் தலைக்கு மேலால் பின்னே எறிந்தால் சட்டை முதுகில் வந்து விழும். பேரன் முதல் தடவையிலேயே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். நான் என் கோட்டின் ஒரு கையைத் தேடி முதுகுக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தேன்.

"அம்மப்பா, அப்பிடி இல்லை. கீழ போடுங்கோ."

"இஞ்சையோ? எல்லாரும் பாக்கினம்."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தான். ஒரு அவசரமும் இல்லை. நான் கோட்டைக் கழற்றி அந்த ஈரத் தரையில் விரித்தேன்.